பன்னிரண்டு லட்சத்துப் பெட்டகம்

இரத்தினபுரிக் கடைத்தெருவில் நின்றபடியே மாணிக்கக் கல் விற்பவர் மஷூர். அங்கே முதலில் கேட்ட விலைக்கு யாரும் விற்பதில்லை. வாங்க வந்தவன் ஒரு விலை சொல்வான். மஷூர் சிரிப்பார். கல்லைக் கடதாசியில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். கேட்டவன் பின்னாலேயே வருவான். இப்படித்தான் அவர் வீடு கட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார்.

அந்த வீடு கலவான வீதியில், ரப்பர் தோட்டத்துச் சரிவின் அடியில் இருக்கிறது. போன மழையில் மண் சரிந்து, சமையல் நடக்கும் குசினியின் கதவை மூடியது. அடுத்த மழைக்கு முன் பின்பக்கம் சுவர் எழும்ப வேண்டும். மேசன் ஏழு லட்சம் கேட்டார். விற்க இருந்தது ஒரு பெட்டகம். தோட்டத்துப் பங்களாச் சாமான்களை விற்றபோது மஷூரின் வாப்பா வாங்கியது. முதிரை மரம், ஒல்லாந்தர் காலத்தது. மனைவி ஜெஸீமா அதில் போர்வைகள் வைத்திருந்தார்.

கொழும்பு ஏல நிறுவனத்தில் கிருஷ்ணகுமார் என்பவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உத்தேச மதிப்பு ஆறிலிருந்து எட்டு லட்சம் என்றார்.

“அப்ப பன்னெண்டு போகும்.”

“இல்லங்க நானா. இது சும்மா கணிப்புத்தான். சுத்தியல் விழுற விலையில எங்க கொமிஷன் போகும். மிச்சம்தான் உங்களுக்கு.”

“ஆறு சொல்ற ஆள் மனசில பன்னெண்ட வச்சிட்டுத்தான் சொல்லுவான். என்கிட்டயா தம்பி?”

“வாங்குறது நான் இல்லையே. நான் எதுக்கு மறைக்கணும்?”

இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஓர் அடிவிலை எழுத வேண்டும். ஆறுக்குக் கீழே எழுதச் சொன்னார் கிருஷ்ணகுமார். மஷூர் பன்னிரண்டு என்று எழுதினார். முடியாது என்றதும், பெட்டகத்தைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டு வாசல்வரை நடந்தார். கிருஷ்ணகுமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்து சம்மதித்தார். விற்காவிட்டாலும் ஒரு கட்டணம் உண்டு என்று அவர் சொன்னது மஷூர் காதில் ஏறவில்லை.

ஏலம் ஏழரையில் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாவின் கை மட்டும் உயர்ந்திருந்தது. மஷூர் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போனார். மெதுவாகக் குடித்தார். யாரும் வரவில்லை. திரும்பியபோது ஒரு சுவர் மணிக்கூடு ஏலம் போய்க்கொண்டிருந்தது. கிருஷ்ணகுமாரைப் பிடித்தார்.

“ஏழர கேட்ட அம்மா எங்க?”

“வேற ஒரு அலுமாரிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.”

“என்னைத் தேடல்லயா?”

“நீங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியாதே, நானா!”

அடுத்த ஏலத்தில் உத்தேச மதிப்பு நாலு முதல் ஐந்து லட்சம் என்று இறங்கியது. விற்காமல் நின்ற சாமானில் ஏதோ குறை என்றுதான் எல்லோரும் நினைப்பார்களாம். மழை நெருங்கிவிட்டது. இம்முறை ஜெஸீமாவும் கூட வந்தார். அடிவிலையே வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். ஏலம் நாலரையில் தயங்கியதும் மஷூர் எழுந்தார். ஜெஸீமா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“குந்துங்க. தேத்தண்ணி ஊட்டுக்குப் போய்க் குடிக்கலாம்.”

ஐந்தில் சுத்தியல் விழுந்தது. கொமிஷன், முதல் தடவைக் கட்டணம், லொறிக் கூலி எல்லாம் போக நாலு லட்சம் சொச்சம் கைக்கு வந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு பயாஸ் போனை நீட்டிக்கொண்டு வந்தான். “ஆறு லச்சமாமே, நானா! ஏலக்காரங்க போட்டீக்கி பாருங்க.”

“அது வாங்கின ஆள் கொமிஷனும் சேத்துக் கட்டின கணக்குடா. எனக்கு விழுந்தது அஞ்சு. அதிலயும் வெட்டிட்டானுகள்.”

“சரி சரி. கல் யாவாரிகள் எப்பவும் கொறச்சித்தானே சொல்லுவீங்க.”

மேசனும் ஆறு என்றே கேள்விப்பட்டிருந்தார். ஒரு சதம் குறைக்கவில்லை. கொடுத்த காசுக்குச் சுவர் சன்னல் மட்டத்தோடு நின்றது.

ஜெஸீமா குசினி வாசலில் நின்று சரிவை அண்ணாந்து பார்த்தார். “மலைக்கும் ஒரு வெல எழுதி வைங்களே. சன்னலுக்கு மேல வரக்கூடாதெண்டு.”

தூறல் தொடங்கியிருந்தது. பின்னறையில், பெட்டகம் இருந்த இடத்தில், தரையில் கிடந்த போர்வைகளை அள்ளி, மஷூர் முன்னறைக்குக் கொண்டுபோனார்.