காக்கை வராத அமாவாசையும் கொல்லைக் குளமும்

எங்கள் வலியசாலை அக்ரஹாரத் தெருவில் மீன் வாசனை அடித்தால் ஜன்னலைச் சாத்துவார்கள். அந்தத் தெருவில், சொந்தக் கொல்லையில் மீன்குளம் வெட்டியவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு வழி தெரியாமல் வெட்டினேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு தேறியது, கால் தேறியது, கை மட்டும் மடியிலேயே கிடந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாப்பாடுதான் என்னை அழவைத்தது. இடது கையால் சோற்றைத் தொடமாட்டார். ஸ்பூனை நீட்டினால், "ஸ்பூன்ல மருந்து சாப்பிடலாம், சாதம் சாப்பிடப்படாது" என்பார். அதனால் மூன்று வேளையும் நான் ஊட்ட வேண்டும். ஊட்டினாலும் பிடிக்காது. நாலு வாய் வாங்கிக்கொண்டு, போதும் என்பதற்கு எங்கள் மலையாளத்து ஊர் வழக்கில் "மதி" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆள் பாதியாகிவிட்டார். கைக்கு வேலை கொடுத்தால் திரும்பும், கொடுக்காவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிசியோதெரபிப் பெண் அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. "நான் என்ன கொழந்தையா?" என்று கேட்டார். குழந்தையாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, அங்கே இருந்த கண்ணாடித் தொட்டி மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. தோளைத் தொட்டு எழுப்பினேன். "இரேன், அந்தக் கறுப்பு வெளிய வரட்டும்" என்றார். செடிக்குப் பின்னால் ஒரு கறுப்பு மீன் ஒளிந்திருந்ததாம். வீட்டில் காலையிலிருந்து இருட்டும்வரை கொல்லை வாசலில் நாற்காலி போட்டு மதில் சுவரையே பார்க்கிற மனுஷர். அவர் ஒன்றுக்காகக் காத்திருந்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. ஆட்டோவில் திரும்பும்போதே, மதிலைப் பார்க்கிற கண் இனி மீனைப் பார்க்கட்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

கொல்லையில் பட்டுப்போன தென்னையை வேரோடு எடுத்த பள்ளம் கிடந்தது. பாதி வேலை ஆயிற்று என்று எனக்குத் தெம்பு. அகலப்படுத்த வந்தவர் பாறசாலைப் பக்கத்து ஆள், நம் தமிழ் பேசுகிறவர். மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு கேட்டார்.

"ஏன் அம்மா, நீங்க கறி வைக்கவும் மாட்டீங்க, விக்கவும் மாட்டீங்க. பின்ன எதுக்கு மீனு?"

"பார்க்கறதுக்கு."

"பாத்தா மதியா?"

"எனக்கு மதி. நீங்க வெட்டுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். பள்ளத்தில் பிளாஸ்டிக் படுதா விரித்து, ஓரத்தைச் செங்கல்லால் அமுக்கி, கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சமாக விட்டுப் பார்த்தோம். மறுநாள் பிடித்த மழையில் அடியில் ஊற்று கிளம்பி, படுதா பூரி மாதிரி உப்பி மேலே வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதன்மேல் ஏறி நிற்கப் போனேன். "ஏறாதடீ, கிழிஞ்சுடும்!" என்று பின்னால் நாற்காலியிலிருந்து குரல். அந்தக் குளத்தைப்பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். படுதா எப்படி உப்பினாலும் உப்பட்டும், அவர் வாயைத் திறந்தாரே என்று விலகி நின்றேன். மழை விட்டதும் ஊற்றுத் தண்ணீர் வடிய ஒரு சால் வெட்டி, படுதாவின் அடிப்பக்கம் கல் பரப்பினோம். பிறகு அது அடங்கிக் கிடந்தது. தண்ணீரை மேலே ஏற்றிக் கொட்டவைக்க ஒரு சின்ன மோட்டாரும் வைத்தோம். அப்படிக் கொட்டுகிற தண்ணீரில்தான் மீனுக்குக் காற்று கிடைக்கும் என்றார்கள்.

மீனுக்கு வித்துரா போகிற சாலையில் ஒரு பண்ணைக்குப் போனேன். "தின்னானோ, வளர்த்தானோ?" என்று கேட்டார் பண்ணைக்காரர், தின்பதற்கா வளர்ப்பதற்கா என்று மலையாளத்தில். வளர்க்கத்தான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, எது சீக்கிரம் பெருக்கும், எது பொரித்தால் முள் குறைவு என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். நல்ல மனுஷர், வாய்தான் நிற்கவில்லை. சிவப்பும் வெள்ளையுமாகக் கொஞ்சம் கெண்டைக் குஞ்சுகளை வாங்கினேன். கறுப்பில் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கிழக்கேகோட்டையில் இறங்கி நடந்தபோது தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பயம். பார்க்காமல் இருப்பார்களா? சாயங்காலம் அடுத்த வீட்டு மாமி வந்துவிட்டாள்.

"ஏண்டி, நம்மாத்துல மீனா?"

"ஆமாம் மாமி. பெருமாள் எடுத்த முதல் அவதாரமே அதுதானே?"

"அதுவும் ஷரிதான்" என்று சொல்லிவிட்டுக் குளத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெருமாளே, நன்றி என்று மனசுக்குள் சொன்னேன்.

குளம் அவர் நாற்காலிக்கு எட்டும் தூரம்தான். தீனி டப்பாவை அவருடைய இடது பக்கத்தில் வைத்தேன். அந்தக் கையாலாவது போடட்டும், மனசு திரும்பினால் கை தானே திரும்பும் என்பது என் கணக்கு. அவர் தொடவில்லை. ரெண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன்னா, அதுகள் பட்டினி கிடக்கட்டுமா?"

"இடது கையால ஆகாரம் கொடுக்கப்படாது."

"மீனுக்கு இடது கை வலது கை தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே!"

பிடிவாதத்தில் அவருக்கு ஈடு அவர்தான். ஆனால் அந்தப் பிடிவாதத்தை இன்று நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. மறுநாள் டப்பாவை மடியில் சாய்த்து, வலது கை விரல்களை அதற்குள் தள்ளி ஏதோ செய்துகொண்டிருந்தார். முக்கால்வாசி வேட்டியில் கொட்டியது, நாலு மணித் தீனி தண்ணீரில் விழுந்தது. மீன்கள் ஓடி வந்தன. நான் சமையலறையில் நின்றபடியே பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். தினமும் இது நடந்தது. ஆனாலும் சாப்பாட்டு நேரம் வந்தால் பழைய கதைதான். நான் ஊட்டணும், அவர் நாலு வாய் வாங்கணும், "மதி" என்று திரும்பணும்.

ஆடி அமாவாசை வந்தது. விடியலிலிருந்து அடைமழை, கரண்டும் இல்லை. பெரியவர்களுக்குப் படைத்துவிட்டு, காக்காய்க்குச் சாதம் வைத்து, காக்காய் எடுத்த பிறகுதான் எங்கள் வீடுகளில் இலை போடுவோம். அந்த மழையில் காக்காய்க்கு எங்கே போவது? தெருவெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு "கா, கா" என்று கத்தினார்கள். மணி ஆக ஆக வயிறு கத்தியது. அப்போதுதான் மாமிக்கு ஒரு யோசனை உதித்தது.

"காக்கா வரலைன்னா என்ன? ஜலத்துல இருக்கற ஜீவனுக்குப் போட்டாலும் பித்ருக்களுக்குச் சேரும். கோவில் குளத்துல மீனுக்குப் பொரி போடறோமோல்லியோ!"

ஒருத்தருக்கும் மறுக்கத் தோன்றவில்லை, எனக்கும்தான். பசி நேரத்து சாஸ்திரம் உடனே ருசிக்கும். வாழை இலைத் துண்டில் பருப்பும் நெய்யும் விட்ட சாதம், எள்ளுருண்டை, வடை, பாயசத்தில் ஒரு கரண்டி என்று ஒவ்வொரு வீடாக வந்து எங்கள் குளத்தில் போட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பாவம், எத்தனை பசி பாரேன்!" என்று மாமி நெகிழ்ந்து போனாள். இன்னும் போட்டார்கள். என் மாமனாரே வந்து வாங்கிக்கொள்கிறார் என்று எனக்குக் கண் கலங்கியது. எல்லோரும் திருப்தியாகச் சாப்பிடப் போனார்கள்.

நான் உள்ளே இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து அவர் கத்தினார்.

"சீக்கிரம் வாடீ! அதுகளுக்குப் பசியில்லை. மூச்சு முட்டறது!"

ஓடினேன். மோட்டார் நின்று எவ்வளவு நேரமாயிற்றோ! தண்ணீர்மேல் நெய் படலமாக மிதந்தது. சாதம் ஊறி வெள்ளையாகக் கிடந்தது. மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு திணறின. எங்களுக்கெல்லாம் பசியாகத் தெரிந்தது அதுதான்.

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றேன்.

"வாயைத் திறந்தாலே சோறு கேக்கறதுன்னு அர்த்தமா? நான் பேசறதுக்கு வாயைத் திறந்தாக்கூட நீ உருண்டையைத் திணிக்கறயே."

சுருக்கென்று தைத்தது. கிணற்றிலிருந்து வாளி வாளியாக இழுத்து, இடுப்பு உயரத்திலிருந்து கொட்டினேன். "இன்னும் மேலேர்ந்து கொட்டு! அந்த மூலையில கொட்டு! ஒரு ஜல்லிக் கரண்டி கொண்டா!" என்று அவர் விரட்டிக்கொண்டே இருந்தார். கொண்டுவந்து கொடுத்தேன். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, குளத்து ஓரச் செங்கல்மேல் உட்கார்ந்து, ஊறிய சாதத்தை அரித்து அரித்து வெளியே போட்டார். மழை எங்கள் ரெண்டு பேர் தலையிலும் கொட்டியது. எத்தனை வாளி இழுத்தேனோ, தோள் விட்டுப்போயிற்று. சில மீன்கள் செத்து மிதந்தன. மிச்சமெல்லாம் மெல்ல மெல்ல அடியில் இறங்கின. "கறுப்பு உள்ள போயிடுத்து, பிழைச்சுடும்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். ஜல்லிக் கரண்டி அவருடைய வலது கையில் இருந்தது. நாலு விரலும் மடங்கி அதன் காம்பைப் பிடித்திருந்தன. சொன்னால் விட்டுவிடுவாரோ என்று பயந்து வாயை இறுக்க மூடிக்கொண்டேன். ஆயுசில் நான் அப்படி மூடிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

தலையைத் துவட்டிவிட்டு, துணி மாற்றி, அவரை உள்ளே கூட்டிவந்தேன். எல்லாம் ஆறிப்போயிருந்தது. வழக்கம்போல அவருக்கு இலையில் பரிமாறி, சாதத்தைப் பிசைவதற்காகப் பக்கத்தில் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இலையைத்தான் பார்த்தார்.

"நீயும் காலையிலேர்ந்து சாப்பிடலை. உனக்கும் இலை போட்டுக்கோ" என்றார். பிறகு வலது கையைத் தூக்கி என் முன்னால் நீட்டினார். விரல்கள் பாதிதான் விரிந்திருந்தன.

"முதல்ல கை அலம்பத் தண்ணி கொண்டா."