தொரை வாராரு

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையை சைக்கிளிலேயே சுற்றி வருவேன் என்று எழுபத்தெட்டில் கூட்டாளிகளிடம் சவால் விட்டேன். ஏறியாயிற்று. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும் கல்பாதையில் பிரேக் அறுந்தது. முன்னால் கூடை சுமந்த பெண்கள். "ஒதுங்குங்க" என்றால் நின்று திரும்பிப் பார்ப்பார்கள், மோதிவிடுவேன். தோட்டத்தை நடத்தும் துரை வந்தால்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல் வழிவிடுவார்கள். அதனால் "தொரை வாராரு" என்று கத்தினேன்.

எல்லோரும் பாய்ந்து விலகினார்கள். எங்கள் லய வரிசையில் குடியிருந்த மூக்காயி அக்கா கூடையோடு பாதையோரத்து வடிகால் கானுக்குள் விழுந்தார். தேயிலைச் செடியில் மோதி நின்ற நான் அவரிடம் திரும்பி ஓடினேன். அக்காவின் கால் முறிந்திருந்தது. அப்போதும் எழுந்து நிற்கத்தான் பார்த்தார்.

"தொரை போயிட்டாரா தம்பி?"

"போயிட்டாருக்கா. உக்காருங்க."

துரைக்கு வழிவிட்டு விழுந்ததாகத்தான் இன்றும் நொண்டியபடி எல்லோரிடமும் சொல்கிறார். அந்தத் துரை நான்தான் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.