கமினுக்கு மேலே கொழுவிய ரீவி

பெரியமாமாவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் கட்டிப்பிடித்து அழுவோம் என்று எதிர்பார்த்து யாரும் வாசிக்க வேண்டாம்.

அவர் அம்மாவின் மூத்த அண்ணன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஹம்பேர்க்கில் வந்து இறங்கியவர் என்பதால், அவரைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு துரும்பும் அசையாது. பதினேழு வயதில் எனக்கு மின்வேலை பழக ஆவுஸ்பில்டுங் இடம் கிடைத்தது. நானே விண்ணப்பம் எழுதி, நானே நேர்முகத்துக்குப் போய்ப் பெற்ற தொழிற்பயிற்சி இடம் அது. பதினெட்டு நிரம்பாததால் ஒப்பந்தத்தில் அப்பாவும் கையெழுத்து வைக்கவேண்டும். அப்பா பேனையைத் திறந்தும்விட்டார். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி குடிக்க வந்த பெரியமாமா தாளை எடுத்துப் பார்த்தார்.

"ஏணியிலை ஏறிச் சுவரிலை ஓட்டை போடுற பொம்பிளைப் பிள்ளையை ஆர் கட்டுவான்? கையெழுத்து வையாதையும்" என்றார்.

அப்பா பேனையை மூடினார். பதினெட்டு முடிந்து நானே கையெழுத்து வைக்கும்வரை ஒரு வருடம் பேக்கரி ஒன்றில் பாண் விற்றேன். விடியற்காலை எழும்பிப் பஸ்ஸுக்கு ஓடும்போதெல்லாம் அவரை வாயாரத் திட்டினேன்.

பிறகு பயிற்சியை முடித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் இங்கே நடந்து முடிந்த அடுத்த மாரியில், பெரியமாமா நகரத்துக்கு வெளியே ஒரு பழைய வீடு வாங்கினார். வரவேற்பறையில் கமின் இருந்தது. சுவரோடு சேர்த்துக் கட்டிய, விறகு எரிக்கும் அடுப்பு. அதற்கு மேலே கொழுவ நாற்பது கிலோவில் ஒரு பிளாஸ்மா ரீவியும் வாங்கிவிட்டார். புதுவீடு புகும் குடிபூரலன்று பால் காய்ச்சுவது கமினில், விறகு நெருப்பில்தான் என்று தெரிந்த வீட்டுக்கெல்லாம் ஃபோன் எடுத்துச் சொன்னார். கரண்ட் அடுப்பில் பால் பொங்குவதெல்லாம் ஒரு குடிபூரலா என்றும் கேட்டாராம். எங்கள் எல்லாருடைய வீட்டுப் பாலும் கரண்ட் அடுப்பில்தான் பொங்கியது.

ரீவி கொழுவ வந்த இரண்டு ஜேர்மன்காரர்கள் கமினைப் பார்த்துவிட்டு மாட்டோம் என்று போய்விட்டார்கள். குடிபூரலுக்கு நாலு நாள் இருக்கையில் அம்மாவுக்கு ஃபோன் வந்தது. பிள்ளை இந்த வேலைதானே செய்கிறாள், வந்து கொழுவிவிடட்டுமாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

பாரம் தூக்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரியமாமா கமினுக்கு நேர் மேலே, சாமிப்படம் மாட்டுகிற உயரத்தில் விரலை வைத்து, இங்கே ஓட்டை போடு என்றார். நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெறுமை. அவர் விரல் வைத்த இடத்துக்குப் பின்னால்தான் புகைபோக்கி ஓடியது. அதைச் சொல்லாமல், கமினில் நெருப்பு மூட்டச் சொன்னேன். அந்த இடத்தில் ஒரு வெப்பமானியை ஒட்டிவிட்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன்.

அந்த ஒரு மணித்தியாலமும் நான் நினைத்ததை மறைக்கமாட்டேன். வஞ்சம் தீர்க்க நான் எதுவுமே செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு, அவர் காட்டிய உயரத்தில் கொழுவிவிட்டுப் போனால் போதும். குடிபூரலன்று சபை நிறைந்திருக்கும். கீழே பால் பொங்க, மேலே புத்தம்புது ரீவி வெந்து கருகும். அந்தக் காட்சியை மனதுக்குள் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன். மூன்று தரமும் இனித்தது.

நாலாந்தரம் ஓட்டும்போதுதான் சபை என்ன சொல்லும் என்பது காதில் விழுந்தது. பொம்பிளைப் பிள்ளை செய்த வேலை இப்படித்தான் இருக்கும் என்று சொல்லும். பெரியமாமா அன்றைக்கே சொன்னார், இவள்தான் கேட்கவில்லை என்று என் அப்பாவே நினைப்பார். ரீவி பெரியமாமாவுடையதுதான். ஆனால் அந்தச் சுவரில் தொங்கப்போவது என் பெயர்.

வெப்பமானி அறுபத்திரண்டு காட்டியது. நாற்பதைத் தாண்டக்கூடாது என்று ரீவியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருந்தது. இரண்டையும் அவரிடம் நீட்டி, ரீவியா நெருப்பா என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஒரு நாளைக்கும் ஏலாது என்றேன். முகம் கறுக்க, ரீவி என்றார்.

மறுநாள் புகைபோக்கி துப்புரவு செய்பவரைக் கூப்பிட்டு, அது ஓடும் பாதையைச் சுவரில் கோடு போட்டு வாங்கினேன். கோட்டுக்கு உள்ளே ஒரு ஓட்டையும் போடவில்லை. இரண்டு பக்கமும் திடமான செங்கல்லில் துளைத்து, குறுக்கே இரும்புச் சட்டம் பூட்டினேன். மட்டம் பார்த்தேன். பிறகு சட்டத்தைப் பிடித்து என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. உயரத்தையும் சாமிப்பட மட்டத்திலிருந்து, கதிரையில் இருந்து பார்க்கும் கண்ணுக்கு ஏற்றபடி இறக்கினேன். பிறகு நானும் அப்பாவும் ரீவியைத் தூக்கிக் கொழுவினோம்.

நான் போனதும் அவர் நெருப்பு மூட்டுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ஜேர்மனில் ஒரு தரம், விளங்கவில்லை என்று சொல்லாமலிருக்கத் தமிழில் ஒரு தரம். "ரீவி இருக்கும்வரை கமினில் நெருப்பு மூட்டக்கூடாது என்று இந்த வேலையைச் செய்தவர் எனக்குச் சொன்னார், நான் விளங்கிக்கொண்டேன்." கீழே பெரியமாமாவின் பெயர், பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"சொந்தத்துக்குள்ளை என்ன கையெழுத்து, பிள்ளை?"

"சொந்தத்துக்குள்ளைதான் கட்டாயம் வேணும், மாமா. இல்லாட்டி கழட்டிப்போட்டுப் போறன்."

சட்டைப் பையைத் தடவினார், பேனை இல்லை என்றார். அப்பா தன் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார்.

"வையுங்கோ அத்தான்."

வைத்தார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குடிபூரலன்று பால் குசினியில், கரண்ட் அடுப்பில் பொங்கியது. கமின் என்னவாயிற்று என்று வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைக் கேட்டார்கள். கேட்க மறந்த இரண்டு பேருக்கு நான் ஞாபகப்படுத்தினேன்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. அப்பா கையெழுத்து வைக்காத ஒப்பந்தத்தையும் நான் எறியவில்லை. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன், அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கும் கோட்டுக்கு நேர் மேலே பெரியமாமாவின் கையெழுத்து வரும்படி.