முப்பத்தேழாம் பக்கம்

கரும்பு டிராக்டர்கள் முன்னால் நகரும், புத்தகங்கள் பின்னால் நகரும். பெரம்பலூர்ப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் யார்டில் ஆறு அரவை சீசனாக இதுதான் வழக்கம். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் எடைமேடைக்குள் நுழைகிறவர், கையில் இருக்கும் புத்தகத்தைத் தனக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்காரரிடம் நீட்டிவிட்டுப் போக வேண்டும். நீட்டும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதற்கு மேல் வாயைத் திறந்தால், கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டான் என்று வரிசையே சண்டைக்கு வரும்.

இதைத் தொடங்கிவைத்தவர் செல்லக்கண்ணு. நாற்பத்தொரு வயது. குன்னம் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா ஊராரின் கொல்லைகளில் கரும்பு வெட்டிக் கூலி வாங்கியவர். செல்லக்கண்ணு அதே கொல்லைகளின் கரும்பைத் தன் சொந்த டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வருகிறவர்.

ஒரு லோடு இறக்கப் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். சிலர் டிரெய்லருக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். சிலர் சீட்டு போடுவார்கள். செல்லக்கண்ணுவுக்குச் சீட்டும் வராது, வாய்ப்பேச்சும் வராது. கூட்டம் சிரிக்கும் இடத்தில் ஓரமாக நின்று, யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பொழுதுபோக நூலகத்தில் உறுப்பினரானார். பார்த்துக்கொண்டே இருந்ததில், எந்த ஆளுக்கு எந்தப் புத்தகம் ஒட்டும் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

அரியமுத்து அவசரக்காரர். டீ ஆறுவதற்குள் மூன்று முறை டம்ளரைத் தொட்டுப் பார்ப்பவர். அவரிடம் ஒரு துப்பறியும் நாவலைக் கொடுத்து, "மொதப் பக்கத்துலயே கொலை வுழுந்துடும்" என்றார். இன்னொருவரிடம் தடித்த குடும்ப நாவல் ஒன்றைக் கொடுத்து, "நாப்பது பக்கம் மேடு, அப்புறம் நியூட்ரல்லயே போவும்" என்றார். அந்த வாக்கியம் யார்டில் பிரபலமாகிவிட்டது. இப்போது எந்தப் புத்தகம் வந்தாலும், "மேடு எத்தன பக்கம்?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால் செல்லக்கண்ணு யாருக்குமே கொடுக்காத புத்தகம் ஒன்று இருந்தது. பெரம்பலூர் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய மெலிந்த கவிதைத் தொகுப்பு. பக்கத்துக்கு நாலைந்து வரி இருக்கும். மற்றதெல்லாம் வெள்ளை. அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சீட்டுக்கு அடியில் உள்ள டூல் பெட்டியில் ஸ்பேனர்களோடு வைத்திருந்தார். ஒரே ஒருமுறை அதிலிருந்து நாலு வரியை மனைவி கலைமணிக்கு வாசித்துக் காட்டினார். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"முடிஞ்சிடுச்சா?"

கலைமணி கேலியாகக் கேட்கவில்லை. இருந்தாலும் அன்றோடு அந்தப் புத்தகம் பெட்டிக்குள் போய்விட்டது. தனக்குப் பிடித்ததை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமே, அந்தத் துணிச்சல் அவருக்கு வரவில்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் ஆலையில் ஏதோ இயந்திரம் நின்றுபோனது. இரண்டு நாள் வரிசை அசையவே இல்லை. கைமாறிக்கொண்டிருந்த மூன்று நாவல்களையும் எல்லாரும் படித்து முடித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் செல்லக்கண்ணு டீக்கடைக்குப் போயிருந்த நேரம், அவருக்கு அடுத்த வண்டிக்காரர் வைத்திலிங்கம் ஸ்பேனர் தேடி டூல் பெட்டியைத் திறந்துவிட்டார். வைத்திலிங்கத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ரகசியம் பேசினாலே பத்து வண்டிக்குக் கேட்கும் குரல்.

"என்னா தம்பி, ஸ்பேனரத் தேடுனா புஸ்தவம் கெடைக்குது! எங்க கண்ணுல காட்டாம ஒளிச்சு வெச்சிருக்க. பலான புஸ்தவமா?"

டீ டம்ளரோடு வந்த செல்லக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார். "இல்லண்ணே. கவிதை."

"கவிதையா! சினிமாப் பாட்டு மாரியா?"

வரிசை சிரித்தது. அந்த நேரம் பார்த்து ஆலைச் சங்கு ஊதியது. அரவை தொடங்கிவிட்டது. முதலில் கூப்பிட்ட ஐந்தாறு டோக்கன்களில் செல்லக்கண்ணுவுடையதும் ஒன்று.

"போ, போ. புஸ்தவம் எங்கிட்ட இருக்கு, நான்தான் ஒனக்குப் பின்னாடி. மொறப்படி எனக்குத்தான் வரணும். வாக்கியத்தச் சொல்லிட்டுப் போ."

யார் யாருக்கோ வாக்கியம் சொன்ன வாய்க்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "அது... வேணாம்ணே" என்றார்.

"வேணாம்னு சொன்ன புஸ்தவத்த எவனாவது வுடுவானா?" என்றார் வைத்திலிங்கம். சிரிப்புச் சத்தத்தினூடே செல்லக்கண்ணுவின் வண்டி உள்ளே போனது. இறக்கிவிட்டு வெளியேறும் வாசல் வேறு பக்கம். அடுத்த லோடுக்குள் பொங்கல் விடுமுறையும் வந்துவிட்டது.

எட்டு நாள் புத்தகம் கையில் இல்லை. மாட்டுப்பொங்கல் அன்று அரியமுத்து போன் செய்தார்.

"அண்ணே, ஒம் புஸ்தவம் பதினாறு வண்டி தாண்டிடுச்சு. அவனவன் அர மணி நேரத்துல முடிச்சுடறான்."

"என்ன சொல்றாங்க?"

"என்னத்தச் சொல்றது, காயிதத்த ரொம்ப வேஸ்ட் பண்ணியிருக்காங்கன்றானுவோ."

செல்லக்கண்ணு சரி என்று சொல்லி போனை வைத்தார்.

ஒன்பதாம் நாள் யார்டின் டீக்கடை வாசலில் வைத்திலிங்கம், வரிசையைச் சுற்றித் தன்னிடமே திரும்பி வந்த புத்தகத்தை நீட்டினார். அட்டையெல்லாம் கிரீஸ். செல்லக்கண்ணு திறந்து பார்த்தார். கவிதைகளுக்குக் கீழே இருந்த வெள்ளை முழுவதும் எழுத்து. டோக்கன் எண்கள். வெட்டு மேஸ்திரியின் போன் நம்பர். டயர் சைஸ். ஒரு பக்கத்தில் மல்லி, சீரகம், பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

நாலு வரியைப் படித்துவிட்டு அந்த வெற்றிடத்தில்தான் அவர் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே இது? இப்பிடியா கிறுக்கி வெப்பீங்க?"

அவருடைய குரல் இவ்வளவு உயர்ந்து யார்டில் யாரும் கேட்டதில்லை. சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

வைத்திலிங்கம் உண்மையாகவே விழித்தார். "எடம் சும்மாதான தம்பி கெடந்துச்சு? மேல நாலு வரிய அவரு எழுதிட்டு, கீழ நீ எழுதிக்கன்னு வுட்டுருக்காருன்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துல குடுப்பாங்கல்ல, அந்த மாரி."

"அது எழுதறதுக்கு இல்லண்ணே. படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கறதுக்கு."

அரியமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல! ஒரு வாக்கியம் சொல்லணும்னு சட்டம் போட்டதே நீதான?"

செல்லக்கண்ணுவின் கையிலிருந்த புத்தகத்தை வைத்திலிங்கம் வாங்கி, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினார். முப்பத்தேழாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதப் பாரு."

வீடு தூங்கிய பிறகு வேலையிலிருந்து வரும் ஓர் அப்பா, யாரும் விழித்துவிடாதபடி சோற்றுப் பானையின் மூடியைத் தூக்குவதைப் பற்றி ஐந்து வரி. ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதென்று செல்லக்கண்ணு எப்போதும் கடந்துபோகும் பக்கம் அது. அதற்குக் கீழே ஓர் எழுத்துகூட இல்லை. ஓரத்தில் கிரீஸ் கட்டைவிரல்கள் மட்டும், ஒன்றின் மேல் ஒன்றாக.

"டோக்கன் நம்பர் குறிக்கலாம்னு பென்சில வெச்சேன். கை போவல" என்றார் வைத்திலிங்கம். முதல்முறையாக அவர் குரல் பக்கத்து வண்டியைத் தாண்டவில்லை. "அடுத்தவன்ட்ட நான் ஒண்ணும் சொல்லலப்பா. அவனும் எழுதல. யாருமே எழுதல."

செல்லக்கண்ணு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து இன்னொரு முறை.

மறுநாள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அதைக் கலைமணிக்கு வாசித்துக் காட்டினார். அவள் அப்புறம் என்று கேட்கவில்லை. குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"பானைய மூடுற சில்வர் தட்ட எடுத்தா சத்தம் வரத்தான் செய்யும். நீங்க நேரங்கழிச்சு வர்ற அன்னிக்கு இனிமே வாழையெலயப் போட்டு மூடி வெக்கறேன்" என்றாள்.

அழிரப்பர் வாங்கலாம் என்று ஒருநாள் நினைத்தார். பிறகு விட்டுவிட்டார். ஜாமெட்ரி பாக்ஸ் கேட்ட பாப்பா யாருடையது என்று மட்டும் விசாரித்தார். வாங்கிக் கொடுத்தாயிற்றாம்.

அடுத்த லோடுக்கு அவர் பின்னால் நின்றவர் யார்டுக்குப் புதிது. வரதராசன்பேட்டைப் பக்கத்து மரிய ஆல்பர்ட், செல்லக்கண்ணுவைவிடப் பத்து வயது மூத்தவர். வழக்கம் என்னவென்று அரியமுத்து அவருக்கு விளக்கியிருந்தார். டோக்கனைக் கூப்பிட்டதும் செல்லக்கண்ணு டூல் பெட்டியைத் திறந்தார். கவரைப் பிரித்துப் புத்தகத்தை நீட்டினார்.

"மேடு எத்தன பக்கங்க?" என்றார் ஆல்பர்ட்.

"மேடே இல்லண்ணே, முப்பத்தேழாம் பக்கத்துல மட்டும் கொஞ்சம் வண்டிய நிறுத்துங்க."

டிராக்டர் நகர்ந்தது. நாலடி போனதும் சீட்டிலிருந்து திரும்பி, இன்ஜின் சத்தத்துக்கு மேல் செல்லக்கண்ணு கத்தினார்.

"எழுதணும்னா பென்சில்ல எழுதுங்கண்ணே!"

"யோவ், ஒரு வாக்கியம்தான்! சட்டம்னா சட்டம்!" என்று வரிசையின் பின்கோடியிலிருந்து வைத்திலிங்கத்தின் குரல் கேட்டது. எடைமேடையில் ஏறும்வரை அவர்கள் சிரிப்பது செல்லக்கண்ணுவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.