மருதாணி விரலும் மூன்று நாள் ஆப்சென்டும்

சரோஜா அக்காவை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை டைப் செய்தவன் நான். அதை நினைத்து வரும் கோபம் இன்னும் தீரவில்லை. புதிதாக ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மலேசியாவில், கிள்ளான் பக்கத்துக் காப்பாரில் பிளாஸ்டிக் டப்பா தொழிற்சாலை. நான் எச்.ஆர். கிளார்க். எங்கள் குடும்பத்தில் படித்து மேசை வேலைக்கு வந்த முதல் ஆள் என்பதால், மேனேஜர் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன். வருகை பதியும் பஞ்ச் கார்டை எடுத்துவிட்டுக் கைரேகை மெஷின் வைத்தார்கள். அறுபது பேரின் விரலைப் பதிவு செய்தேன். ரேகை படியாதபோது தட்டுவதற்கு ஆளுக்கொரு நான்கு இலக்க எண்ணும் கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது.

"மத்தியானத்துக்குள்ள முடி லா. நம்பரெல்லாம் அப்புறம்" என்றார் மேனேஜர். அந்த அப்புறம் வரவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சரோஜா அக்கா பதினோரு வருஷமாக பேக்கிங்கில் இருந்தவர். மகளின் நிச்சயதார்த்தத்துக்காகப் பத்து விரல் நுனியிலும் தொப்பி போட்டதுபோல் மருதாணி வைத்திருந்தார். மெஷினுக்கு ரேகை தெரியவில்லை. பேக்கிங் லைன் ஓடுகிறதே, ஆள் வேண்டுமே என்று காவலாளி உள்ளே அனுப்பிவிட்டார். மூன்று நாளும் அப்படியே நடந்தது. கணினியில் மூன்று நாளும் ஆப்சென்ட். மேனேஜர் சொன்னபடி நீக்கும் கடிதத்தை டைப் செய்தேன். நான்காம் நாள் காலை கேட்டிலேயே கடிதத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அக்கா தினமும் வந்தார் என்று காவலாளி சொன்னதும் மேனேஜரிடம் ஓடினேன். அவரும் தமிழர்தான்.

"இது டிஜிட்டல் சிஸ்டம். பொய் சொல்லாது. லைன் ஆளுங்கதான் சொல்லுவாங்க" என்றார்.

எரிச்சலில் அந்தச் சொல்லையே அகராதியில் தேடினேன். டிஜிட் என்றால் முதலில் விரல். லத்தீனில் டிஜிட்டஸ். மனிதர்கள் விரல்விட்டு எண்ணியதால் பத்துக்குக் கீழ்ப்பட்ட எண்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கணினி எண்களால் ஓடுவதால் அது டிஜிட்டல் ஆனது. எங்கள் பேக்கிங் அக்காக்கள் இன்றும் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுத்தான் எண்ணுவார்கள். விரலுக்கு மூன்று, பன்னிரண்டு டப்பா ஒரு கட்டு. கட்டில் ஒன்று குறைந்ததாக ஒரு புகார் வந்ததில்லை. அந்த விரலைத் தெரியாது என்று சொல்ல ஒரு மெஷின், அதை நம்ப ஒரு மேனேஜர்.

ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்குள்ளும் கட்டியவரின் கையெழுத்தும் தேதியும் உள்ள சீட்டு இருக்கும். ஸ்டோரில் பெட்டிகளைப் பிரித்து, அந்த மூன்று தேதிக்கும் அக்காவின் சீட்டுகளை எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன். எண் கொடுக்காமல் விட்டது நான்தான் என்றும் எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"சரி, கேன்சல் பண்ணு. இனிமே யாரும் மருதாணி வைக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் போட்டுரு."

அந்த நோட்டீஸை டைப் செய்ய முடியாது என்றேன்.

அன்று மாலையே கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போய், பெட்டிகளைப் பிரித்ததையும் கடிதம் ரத்தானதையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"பொட்டியெல்லாம் பிரிச்சுப் பாத்தியே தம்பி. லெட்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி என்னை வந்து ஒரு வார்த்தை கேட்டியா? ஒன் மேசைக்கும் என் லைனுக்கும் இருபது அடிதானே?"

அவர் திரும்பி வரவில்லை. வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார்.

இப்போது எல்லோருக்கும் எண் கொடுத்துவிட்டேன். ஆனாலும் ஆப்சென்ட் பட்டியல் திரையில் வந்தால் எதையும் டைப் செய்வதில்லை. முதலில் எழுந்து லைனுக்குப் போகிறேன். நீங்களும் எழுந்து போங்கள்.