எண்பது என்று சொன்ன வாய்

அடியில் குமிழ் வைத்த, ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய் அது. இன்று என் மாணவர்கள் அதே மாதிரிக் குழாயைக் கையில் எடுக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். முசிறியிலிருந்து வாழை மட்டை கொண்டுவந்து கரியாக்கிப் பொடிப்பேன். அந்தப் பொடியைக் குழாயில் போட்டு, வெற்றிடத்தில் சூடாக்கி ஈரத்தை விரட்டி, எடை பார்த்து, திரவ நைட்ரஜனில் முக்கி வாயுவை உள்ளே விடவேண்டும். கரியின் நுண்துளைச் சுவர்களில் எவ்வளவு வாயு ஒட்டுகிறது என்பதை வைத்து, ஒரு கிராமுக்குள் எவ்வளவு பரப்பு ஒளிந்திருக்கிறது என்று கணக்கிடலாம்.

இந்தப் பரப்பை அளக்கும் கருவியை இயக்கியவர் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஆய்வக உதவியாளர்; அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விரலின் எண்ணெய்ப்பசைகூட எடையில் சேர்ந்துவிடும் என்று கையுறை போடாமல் குழாயைத் தொடமாட்டார். மூன்று முறை நிறுத்த பிறகே எழுதுவார். ஒருநாள் என் கரிப்பொடிக்கு அவர் எழுதியது நூறு மில்லிகிராம். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வந்த பரப்பு என் பேராசிரியருக்குப் போதவில்லை. வடையைத் தின்றுகொண்டே வந்தவர், எண்ணெய் விரலைப் பதிவேட்டில் வைத்து, "எடையை எண்பதுன்னு போடும்மா" என்றார். எடை குறைந்தால் கிராமுக்கான பரப்பு கால் பங்கு கூடிவிடும். அவ்வளவுதான் அந்த வித்தை.

"நான் நிறுத்தது நூறு சார். எண்பதுன்னு கையெழுத்துப் போடமாட்டேன்."

அவர் என்னிடம் திரும்பினார். வாயோரம் பருப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. "நீதானேப்பா கூட இருந்தே? எவ்வளவு?"

"எண்பது சார்."

அக்கா என்னைப் பார்த்தார். எடை பார்த்ததில் கவனக்குறைவு என்று மறுவாரமே அவருக்கு மெமோ வந்தது. பொருள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். கட்டுரை வெளியானது. எனக்குப் பட்டமும் பிறகு வேலையும் கிடைத்தன. பேராசிரியரின் கையைப் பிடித்து நன்றிகூடச் சொன்னேன். அந்தக் கையின் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை.

போன மாதம் என் மாணவி ஒருத்தி, "இந்த அளவு எங்களுக்கு வரவே மாட்டேங்குது சார், நாங்க எங்க தப்பு பண்றோம்?" என்று என் கட்டுரையையே நீட்டினாள். ஒரு வருடமாக அந்தப் பொய்யைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றே ஆய்விதழுக்கு எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னேன்.

அதைச் சொல்ல ஸ்ரீரங்கம் போனேன். அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கதவைத் திறந்தவர், முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"எழுதிட்டீங்களா? நல்லது தம்பி. என் மெமோவுல கவனக்குறைவுன்னு இருக்கே, அதுக்கு யாருக்கு எழுதினீங்க?"

என் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.