பூஜைப் பெட்டிக்குள் ஐந்து செம்பருத்திக் கொம்புகள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆனி மாதம், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நடந்தது இது. மலேசியாவில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு நானும் மனைவியும் திருவனந்தபுரத்திலேயே வலியசாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

எனக்குச் செடிப் பைத்தியம் உண்டு. எங்கே போனாலும் ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டு வராமல் இருக்க மாட்டேன். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பூச்செடிகள் நான் கொடுத்த கொம்புகளில் வந்தவைதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு அடுக்குச் செம்பருத்தி இருந்தது. மாந்தளிர் நிறம். அப்படி ஒரு பூவைச் சுவாமி படத்துக்கு வைத்தால் எப்படி இருக்கும் என்று தினமும் வேலியோரம் நின்று பார்ப்பேன். கிளம்புவதற்கு முதல் நாள் கேட்டு ஐந்து கொம்பு வாங்கிவிட்டேன்.

"அப்பா, செடி கொண்டுபோகக் கூடாது. பூச்சி கீச்சி சேர்ந்து வந்துடும்னு பிடிப்பா" என்று மகள் தெளிவாகச் சொன்னாள். ஐந்து கொம்பில் நாடு மூழ்கிவிடுமா என்று கேட்டேன். மனைவியும், "வேண்டாம்னா, கேளுங்கோ" என்றாள். நான் கேட்கவில்லை. கொம்புகளை ஈரத்துணியில் சுற்றி, எவர்சில்வர் பூஜைப் பெட்டியில் அடியில் வைத்து, மேலே சிவப்புப் பட்டுத்துணியை விரித்து, அதற்கு மேல் அங்கே கோவிலில் கொடுத்த விபூதி, குங்குமப் பொட்டலங்களை அடுக்கினேன். பிரசாதத்தை யார் கிளறிப் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் என் கணக்கு. இதை இன்று எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. அன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இங்கே வந்து இறங்கி, பெட்டிகளுக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் நின்றார். நாற்பது வயது இருக்கும். மார்த்தாண்டம் பக்கம். மலேசியாவில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில், வேரோடு, சிறிய பலாக்கன்று. மறைக்கவே இல்லை, எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இதெல்லாம் கொண்டுவரலாமா? வெளிநாட்டுச் செடியில் என்ன பூச்சி இருக்கும், என்ன நோய் இருக்கும், யாருக்குத் தெரியும்? நாம எல்லாம் விவசாயத்தை நம்பி இருக்கிற ஜனங்க" என்று ஆரம்பித்து, நீளமாகவே பேசினேன். மகள் எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. "தெரியும் சாரே. அதான் மறைக்காம கையில வச்சிருக்கேன். ஆபீசர்கிட்ட காட்டி, பூச்சி இருக்கான்னு பாக்கச் சொல்லணும். ஆகாதுன்னா குடுத்துட்டுப் போயிருவேன்" என்றார். சொன்னபடியே செடிகளைச் சோதிக்கிற மேஜைக்கு நேராகப் போனார். அங்கே இருந்த மலையாளிப் பெண் அதிகாரி, முறையான காகிதம் இல்லாமல் விட முடியாது, அழிக்கத்தான் வேண்டும் என்றார். அந்த மனிதர் கன்றை ஒருமுறை பார்த்தார், கொடுத்துவிட்டார்.

அடுத்தது என் முறை. என் பெட்டியில், திறந்து பார்க்க வேண்டும் என்று சாக்குக்கட்டியால் குறி போட்டிருந்தார்கள். "செடி, விதை, பழம் ஏதெங்கிலும் உண்டோ சாரே?" என்று அந்த அதிகாரி கேட்டார். ஒன்றுமில்லை, பூஜைப் பெட்டி, கோவில் பிரசாதம் என்றேன்.

அவர் உடனே கையுறையைக் கழற்றினார். காலணியையும் கழற்றி ஓரமாக விட்டார். "ஞான் தொடலை. நீங்களே திறந்து காட்டினா மதி, போதும்" என்றார். வேலை நேரத்தில், அந்தச் சில்லென்ற தரையில், என் பொய்க்கு மரியாதை கொடுத்து அந்தப் பெண் வெறுங்காலோடு நின்றார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூடியைத் திறந்து, விபூதிப் பொட்டலங்களை மட்டும் காட்டினேன்.

அவர் சரி என்று தலையசைக்கப் போனார். அப்போது சிவப்புத் துணியின் மடிப்பிலிருந்து, மாவில் புரண்டது போல வெள்ளையாக ஒன்று ஊர்ந்து வந்தது. பின்னால் இன்னொன்று. விபூதி நகராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"துணியை எடுங்க சார்" என்றார். எடுத்தேன். கொம்புகளின் கணுவெல்லாம் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி. வாங்கும்போது என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் காலணியைப் போட்டுக்கொண்டார். எதுவும் திட்டவில்லை. பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "இது இங்கே உள்ள இனமா, புதுசான்னு லேபில் நோக்கினாத்தான் அறியும். புதுசுன்னா இதைத் தின்ன இங்கே எதிரிப் பூச்சி காணாது. செம்பருத்தியோட நிக்காது சார், மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக்குப் போகும், பப்பாளிக்குப் போகும்" என்றார்.

அந்தக் கட்டட வேலைக்காரர் ஏதோ ரசீதுக்காக இன்னும் அங்கேயே நின்றிருந்தார். எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இதே மாதிரி வெள்ளப் பூச்சிதான் மேடம், எங்க விளையில, தோட்டத்துல வந்தது. வெளிய இருந்து வந்த பூச்சின்னு விவசாய ஆபீஸ்ல சொன்னாவ. மரச்சீனி முழுக்க இலை சுருண்டு போச்சு. தோண்டிப் பாத்தா கிழங்கு விரல் கனம்தான் இருந்துது. அதுக்குப் பொறவுதான் நான் வெளிநாடு போனேன்" என்றார்.

அந்தப் பூச்சியை யாரோ என்னைப் போன்ற ஒருவர்தான் கொண்டு வந்திருக்க வேண்டும். இனி அவர் என்னைப் பிடித்து உலுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஊருக்கு உபதேசம் செய்த வாயை அவர் எத்தனை கேள்வி கேட்டாலும் தகும். ஆனால் அவர் அதிகாரியிடம், "பெரியவருக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சா கொண்டு வருவாரா? இப்பதான் எனக்கே எவ்வளவு விவரமா சொல்லிக்கிட்டிருந்தாரு. வீட்டுல யாராவது கொம்பை உள்ள வச்சிருப்பாவ, பூச்சியையும் இவரு பாத்திருக்க மாட்டாரு" என்றார்.

கிண்டலே இல்லை. என்னை நம்பிச் சொன்னார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "அறியாமல் கொண்டு வந்ததா சார்?"

"ஆமா, தெரியாது" என்றேன்.

அதிகாரி, அறியாமல் கொண்டு வந்தது என்று எழுதி, தாளை என் பக்கம் தள்ளினார். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் நான். பொய்யென்று தெரிந்த ஒரு தாளில் அதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. அன்று போட்டேன். கொம்புகளையும் ஈரத்துணியையும் பட்டுத்துணியையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, எரிப்பதற்கு எடுத்துப் போனார்கள்.

வெளியே வரும்போது அந்த மனிதர் எங்கள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொடுத்தார். "வருத்தப்படாதீங்க சாரே, பூச்சி உள்ள வராம பிடிச்சாச்சே" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். நன்றி என்றேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவர் போய்விட்டார்.

டாக்சி கிழக்கேகோட்டை தாண்டும்போது மனைவி சொன்னாள்: "சுவாமி பேரைச் சொல்லி ஒளிச்சு வச்சேள், போகட்டும். அந்த மனுஷன் உங்களை நல்லவர்னு நம்பினாரே, அதையும் உபயோகப்படுத்திண்டேளே."

பூச்சி புதிய இனமா, பழையதா என்று பிறகு யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை. அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தன் பயிரை இழந்து பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன அவர் எங்கேயாவது இதைப் படிப்பாரா என்று தெரியாது. படித்தால், பூச்சி கண்ணில் படவில்லை என்பது மட்டும்தான் நிஜம், மற்றதெல்லாம் தெரிந்தேதான் கொண்டு வந்தேன் என்று, அன்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இப்போதாவது சொல்லிக்கொள்கிறேன்.